வாலடித் துண்டு

குறைவாக வாழ்வது என்று திலேக் முடிவெடுத்த நாளிலிருந்து அவனுடைய செலவு ஏறிக்கொண்டே போனது. அது எப்படி என்று அவன் அம்மா சைரகுலுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. முன்பெல்லாம் தோர்தோய் சந்தையில் கட்டாக வாங்கிய சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தான். இப்போது அவனிடம் மொத்தமே நாலு சட்டை. நாலும் சாயமேற்றாத லினன். ஒன்றின் விலைக்குக் கொழுத்த வாலோடு ஒரு செம்மறியாடு வாங்கிவிடலாம். வீட்டில் கட்டில் நாற்காலி எதுவும் ஆகாதாம், தரையோடு தரையாக இருக்க வேண்டுமாம். கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் வீட்டுக்கு வீடு உட்காரும் மெத்தை தைத்துக் கூரை வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளை உட்காருவதற்கு மெத்தை டென்மார்க்கிலிருந்து கப்பலேறி, ரயிலேறி, லாரியேறி வந்தது.

"அதுல நெகிழியே கலக்கலம்மா" என்றான்.

"நம்ம மெத்தையிலயும் கலக்கலடா, ஆட்டு ரோமம்தான்."

"அது வேற."

எது வேறே என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கேட்க அவளுக்கு வாயும் இல்லை. ஏனென்றால் சைரகுல் பார்த்தது பிளாஸ்டிக் பை வியாபாரம். தோர்தோயில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்டெய்னர். கீழே கடை, மேலே கிடங்கு. கைக்கடக்கமான மளிகைக் கவரிலிருந்து ஓர் ஆளையே உள்ளே போட்டுக் கட்டுகிற கறுப்புக் குப்பைப் பை வரை அவளிடம் இல்லாத பை கிடையாது. சோவியத்து உடைந்து, கடைகளில் தூசி மட்டும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய வியாபாரம். புருஷன் செத்தபோது திலேக்குக்கு இரண்டு வயது. பிள்ளையைப் புருஷனின் அக்கா புருல் மடியில் போட்டுவிட்டு, சரக்கு எடுக்க மலை தாண்டிச் சீனாவின் உரும்ச்சிக்கு பஸ் ஏறினாள். போனால் வாரக்கணக்கில் ஆகும். பிள்ளைக்குப் பால் காய்ச்சியது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது, எழுத்துக் கற்றுக்கொடுத்தது, அடித்தது, அழுதது எல்லாம் புருல்தான். அவளுக்கென்று வேறு பிள்ளை கிடையாது. எஜே என்றால் அக்கா, வீட்டில் எல்லாருக்கும் அவள் எஜேதான். பை விற்ற காசில்தான் திலேக் படித்தான், பெர்லின் போனான். அங்கேதான் பை என்பது பாவம் என்று தெரிந்துகொண்டு வந்தான்.

கல்யாணப் பெண் ஆதினாய் நல்ல பெண்தான். அவள் வீட்டாரிடம் திலேக், "அம்மா பேக்கேஜிங் துறையில இருக்காங்க" என்று சொல்லியிருந்தான். சம்பந்தியம்மாள் ஜிபெக் பல்கலைக்கழகத்தில் தத்துவம் நடத்துகிறவள். "ஓ, வடிவமைப்பா?" என்று கேட்டாள். சைரகுல் "ஆமா, அளவு அளவா" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தாள்.

இந்தத் தலைமுறை ரகசியம் பெரிய ரகசியமில்லை. காலி அலமாரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் வீட்டை நிரப்பினார்கள். நிரம்பின வீட்டில் மூச்சு முட்டி வளர்ந்தவர்கள் இப்போது காலி அலமாரிக்குக் காசு கொடுக்கிறார்கள். சைரகுலின் கட்டிலுக்கடியில் இன்றைக்கும் ஒரு மூட்டை சர்க்கரை இருக்கிறது. நாளைக்கே கடையெல்லாம் மூடிவிட்டால்? மூடாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் மூட்டை இருக்கட்டும்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு புருல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஊர்க்கடைசியில் இருக்கும் தன் சின்ன வீட்டில் படுத்த படுக்கை. துணைக்கு சைரகுல் வாங்கிக் கொடுத்த போன். அதில் திலேக் போடும் வீடியோ ஒன்றையும் விடாமல் பார்ப்பாள், புரிகிறதோ இல்லையோ, எல்லாவற்றுக்கும் இதயம் போடுவாள். சைரகுல் பார்க்கப் போனபோது, புருல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத் தூக்கிட்டுப் போறேன்னு யாரும் வர வேணாம். கல்யாணத்துல நான் முனகிக்கிட்டுக் கிடக்கக் கூடாது. ஆனா என் பங்கு எனக்கு வந்துடணும்."

"வராம எஜே? வாலடித் துண்டு உங்களுதுதான்."

"நீ கொடுக்கிறது பெருசில்லடி. அவன் கையால கட்டிக் கொடுத்தனுப்பணும். அவ்வளவுதான் எனக்கு."

ஆட்டை வெட்டி வேகவைத்தால் எந்த எலும்பு யாருக்கு என்பதில் கிர்கிஸ்காரர்களுக்குத் தகராறே கிடையாது. வீட்டின் மூத்த பெண்ணுக்கு வால் கொழுப்போடு சேர்ந்த இடுப்புக் கறி. வாங்கினவர் அங்கேயே தின்று தீர்ப்பதும் கிடையாது. மிச்சத்தைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் கெஷிக். கெஷிக் வந்து சேர்ந்துவிட்டால் வராதவரும் வந்தவர்தான். வரவில்லையென்றால் அவரை அந்தக் குடும்பம் கழித்துவிட்டது, அவ்வளவுதான். இதற்காகத்தான் எந்தக் கிர்கிஸ்காரி கைப்பையைத் திறந்தாலும் ஓரத்தில் மடித்த பிளாஸ்டிக் கவர் நாலைந்து இருக்கும். உதட்டுச் சாயத்தை மறந்தாலும் மறப்பாள், கவரை மறக்க மாட்டாள்.

பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து கல்யாணத்துக்கு 'பூமிக்கு வலிக்காத திருமணம்' என்று பெயர் வைத்தன. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பட்டப்பகலில் விருந்து. முதலில் கறியே கிடையாது என்றார்கள். எலும்பில்லாமல் கல்யாணமா என்று திலேக்கின் சித்தப்பாமார்கள் செருப்பைக் கழற்றாத குறையாகச் சண்டை போட்டபிறகு கறிக்குச் சம்மதம் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை.

"மண்டபத்துக்குள்ள ஒரு கவர்கூட வரக் கூடாதும்மா."

"அப்ப கெஷிக் எப்படிடா கொண்டுபோறது? தொப்பியிலயா?"

"தேவையானதை மட்டும் எடுத்துச் சாப்பிடுவாங்க. மிச்சமே ஆகாது."

"உங்க சித்தப்பன் நூர்பெக்கைப் பாத்துதான் பேசுறியா?"

"மிச்சமானா அதுக்கும் ஏற்பாடு இருக்கு." அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. வீடியோவில் சொல்லியிருந்தான், அவன் வீடியோவைப் பார்க்க சைரகுலுக்குக் கடையில் நேரமேது?

"எஜேக்கு மட்டும் உன் கையால கட்டிக் கொடுத்துடுடா. ஆசையாக் கேட்டாங்க."

"கண்டிப்பாம்மா. எஜேக்கு நான் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றான். அவள் மனசு குளிர்ந்துபோயிற்று.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஆதினாயின் தோழிகள் லினன் மேல்சட்டை போட்டு வரிசையாக நின்றார்கள். "வாங்க, வாங்க! பையில பிளாஸ்டிக் ஏதாவது இருக்கா?" கிழவிகள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு ஒருத்தி கைப்பையைத் திறந்தாள், இன்னொருத்தி பாவாடைப் பையில் கைவிட்டாள், மூன்றாமவள் கோட்டின் உள்பையிலிருந்து சுருட்டி வைத்த கவர்களை வெளியே இழுத்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் போயின. சைரகுலுக்கு எல்லையில் சுங்கக்காரன் முன்னால் நின்ற பழைய நாட்களின் ஞாபகம் வந்தது. பெட்டியில் விழுந்ததில் முக்கால்வாசி அவள் கடைச் சரக்கு.

கவரைக் கொடுத்தவர்களுக்குப் பதிலுக்கு ஆளுக்கொரு மூங்கில் பல் பிரஷ் பரிசு. வந்திருந்த பெரியவர்களில் பாதிப் பேருக்குப் பல்லே கிடையாது. மீதிப் பேருக்கு இருந்தது தங்கப் பல். அந்த பிரஷ்கள் சீனாவிலிருந்து வந்தபோது ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதையெல்லாம் கிழித்துப் போட்டவள் சைரகுல்தான், கடையை மூடிவிட்டு உட்கார்ந்து நகம் தேயக் கிழித்தாள். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்று திலேக் கேட்டுக்கொண்டிருந்தான்.

விருந்து நடந்தது. குறை சொல்லக் கூடாது, தடபுடலாகவே நடந்தது. ஏதோ தென்னமெரிக்கத் தானியமாம், அதில் ஒரு சாலட் மேசைக்கு மேசை மலையாகக் குவிந்திருந்தது. கோழிக்குப் போடுகிற மாதிரி இருக்கிறதே என்று அதை ஒருவரும் தொடவில்லை. எண்ணெயில் பொரித்த பூர்சோக்கும் தேனும் பறந்தன. கறி வந்தது. நூர்பெக் சித்தப்பாதான் எழுந்து நின்று எலும்பு பிரித்தார். வாலடித் துண்டை எடுத்து, "இது புருல் எஜேக்கு" என்று சத்தமாகச் சொல்லித் தனித்தட்டில் வைத்து சைரகுல் முன்னால் நகர்த்தினார். கொழுப்பு பளபளவென்று நடுங்கியது. சைரகுல் அந்தத் தட்டைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மற்ற பெரியவர்கள் தங்கள் தங்கள் எலும்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தின்றால் வீட்டில் இருக்கிறவனுக்கு இல்லை, தின்னாவிட்டால் கொண்டுபோக வழியில்லை. ஒரு கிழவி தலைத்துணியை அவிழ்க்கலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவை வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். சைரகுல் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை வாழ்த்தினாள், கொஞ்சம் அழுதாள், பாட்டுக்கு சம்பந்தியம்மாளோடு கைகோத்து ஒரு சுற்று ஆடினாள். திரும்பி வந்தால் மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கறி இல்லை, எலும்பு இல்லை, தட்டு இல்லை.

"இங்க இருந்த தட்டு எங்கம்மா?"

லினன் மேல்சட்டைப் பெண் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "வண்டிக்குப் போயிடுச்சுங்க. மிச்சமெல்லாம் தெருநாய்க் காப்பகத்துக்கு. ஒண்ணுகூட வீணாகாது!"

சைரகுல் குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், சமையலறை வழியாகப் பின்பக்கம் ஓடினாள். வயது ஐம்பத்தெட்டு. அந்த ஓட்டத்தை அவள் உரும்ச்சி பஸ்ஸைப் பிடிக்கத்தான் கடைசியாக ஓடியிருந்தாள்.

பின்முற்றத்தில் ஒரு சின்ன வேன். வாளி வாளியாகக் கறியும் எலும்பும் ஏறிக்கொண்டிருந்தன. எதிரே திலேக்கும் ஆதினாயும் பூமாலையோடு நின்று, ஒரு தோழி போனில் நேரலை எடுக்க, சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேனுக்குள் ஒரு தட்டு மட்டும் தனியாக, கலக்காமல், மேலே துணி போட்டு இருந்தது.

"அந்தத் தட்டைக் கொடு."

"அது நல்ல கொழுப்புங்க" என்றாள் தட்டைக் காவல் காத்த இன்னொரு பெண். "காப்பகத்துல ஒரு நாய் குட்டி போட்டிருக்காம். அதுக்குன்னு தனியா எடுத்து வச்சோம்."

"ஐயோ, உன் தலையில இடி விழ! அது இவனை வளர்த்தவளோட பங்குடி!"

திலேக் சிரிப்பைக் கலைக்காமலே பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "அம்மா, நேரலை போயிட்டிருக்கு. அப்புறம் பேசலாம்."

"எஜேயோட துண்டு நாய் வண்டியில இருக்குடா."

"எனக்குத் தெரியாதும்மா, தவறுதலா வந்திருக்கும். எடுத்துக்கோங்க, யார் வேணாம்னா? எஜேக்கு நான் வேற ஒண்ணு வச்சிருக்கேன்னு சொன்னேனே. அவங்க பேர்ல ஒரு மரம் நட்டிருக்கோம். சீட்டு இருக்கு. நாளைக்குப் போய்க் கொடுக்கிறேன்."

"மரமா?"

"ஜூனிபர்."

சைரகுல் மகனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போய், அங்கே கொண்டுவந்து போட்டிருந்த அந்த மரப்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கவரை எடுத்து உதறினாள். தடித்தது, கைப்பிடி உள்ளது, அவளுடைய கண்டெய்னர் எண் அச்சடித்தது. வாலடித் துண்டை உள்ளே இறக்கி, அப்படியே மகன் முன்னால் வந்து நின்றாள். நேரலை எடுத்த போனும் அவள் பின்னாலேயே வந்தது.

"அம்மா, கவர்ல வேணாமே. துணிப்பை கொண்டுவரச் சொல்றேன்."

"துணியில கொழுப்பு ஊறி, ஒழுகிக்கிட்டே போகும். ஏன்டா, நாய்க்குப் போற வாளியைப் பாரு. உள்ள விரிச்சிருக்கிற கறுப்புப் பை என் கடைச் சரக்கு. நாய்க்குப் போறதுல கவர் இருக்கலாம், உன்னை வளர்த்தவளுக்குப் போறதுல இருக்கக் கூடாதா?"

ஆதினாய் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு முகம் சிவந்தாள்.

"சரி, கொள்கையெல்லாம் இருக்கட்டும்" என்றாள் சைரகுல். குரல் இறங்கிவிட்டது. "நீ தூக்க வேணாம், கொண்டுபோக வேணாம். நான் கொண்டுபோறேன். மேல ஒரு முடிச்சு மட்டும் போடு. உன் கையால. எஜே கேட்டது அது ஒண்ணுதான்."

திலேக்கின் கை நீண்டது. நிஜமாகவே நீண்டது. கவரின் காது வரை வந்தது. அப்போது அவன் கண் போன் பக்கம் போயிற்று. கை மடங்கிக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

"நீங்களே கட்டிடுங்கம்மா" என்றான்.

சைரகுல் கட்டினாள். ஆயுசுக்கும் அவள் போட்ட முடிச்சுகளில் அதைப்போல் இறுகின முடிச்சு வேறில்லை. கட்டிவிட்டு நிமிர்ந்தால், பின்வாசலில் கிழவிகள் கூட்டம். எல்லாருடைய கண்ணும் அந்தக் கவர் மேல். சைரகுல் அங்கே போய்ப் பெட்டியைக் காலால் அவர்கள் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கோங்க. பத்தாட்டி என் கார்ல கட்டுக் கட்டா இருக்கு."

அவ்வளவுதான். நூர்பெக் சித்தப்பா வேனுக்குள்ளேயே ஏறிவிட்டார். அவரவர் எலும்பை அவரவர் அடையாளம் கண்டு எடுத்தார்கள். அதில் மட்டும் ஒருவருக்கும் தப்பவில்லை. லினன் மேல்சட்டைப் பெண்களில் இரண்டு பேர் மேல்சட்டையைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ காத்திருந்தார்கள் போல. கடைசியாக சம்பந்தியம்மாள் ஜிபெக் சைரகுலின் காதருகே வந்தாள்.

"சம்பந்தி, எனக்கு ரெண்டா கொடுங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டுக்கிறேன், கொழுப்பு ஒழுகும். ஓ, இதுதான் அந்த வடிவமைப்பா?"

"ஆமா. அளவு அளவா இருக்கு."

கறி ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று சைரகுல் காரை விரட்டினாள். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு பொய்தானே. எத்தனை எல்லையில் எத்தனை சுங்கக்காரனிடம் சொன்னவள், இது வராதா?

புருல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புதுத் தலைத்துணி கட்டியிருந்தாள். சைரகுல் கவரை அவள் மடியில் வைத்தாள்.

"உங்க பங்கு எஜே. வாலடித் துண்டு. திலேக்கே எடுத்து வச்சு, அவன் கையாலேயே கட்டிக் கொடுத்தான்."

புருல் முடிச்சைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இறுக்கிக் கட்டியிருக்கான்."

"ஆமா எஜே."

"கவர்ல."

படுக்கையில் கிடந்த போனை சைரகுல் அப்போதுதான் பார்த்தாள். திரையில் திலேக்கும் ஆதினாயும் சிரித்தபடி நின்றிருந்தார்கள்.

"எல்லாம் பாத்தேன்டி" என்றாள் புருல். "மிச்சம் நாய்க்குன்னு போன வாரமே அவன் சொல்லிட்டான், அப்பவே பாத்தேன். சரி, நான் நாய்க்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான் காலையிலேருந்து இதைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறேன். என் துண்டு வண்டியில ஏறினதைப் பாத்தேன். நீ செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்ததைப் பாத்தேன். அவன் கை நீண்டதையும் பாத்தேன். மடங்கினதையும் பாத்தேன்."

"எஜே..."

"ஊரே பாக்குதுன்னு வெக்கப்பட்டான். நான் ஒருத்தி பாக்கிறேன்னு அவனுக்குத் தோணவே இல்ல பாரு."

சைரகுல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருல் அழவில்லை. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தாள். கறியை இரண்டாக வெட்டி, கொழுப்பு அதிகமாக இருந்த பாதியை சைரகுல் கையில் திணித்தாள்.

"தின்னு. அங்க நீ ஒரு வாய் வச்சிருக்க மாட்டே. உன் மருமக ஊருக்கெல்லாம் பிரஷ் கொடுத்தாளே, எனக்கு ஒண்ணு எடுத்து வச்சியா?"

சைரகுல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பையிலிருந்து மூங்கில் பிரஷ்ஷை எடுத்தாள். புருல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, "நல்லாத்தான் தேய்க்கும்" என்று பொக்கை வாயோடு சிரித்தாள். அதைப் பார்த்து சைரகுலுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

தின்று முடித்ததும் புருல் கவரைக் காட்டினாள். "தூக்கிப் போட்டுடாதே. சோப்புப் போட்டுக் கழுவிக் காயவை."

"இருக்கட்டும் எஜே, கார்ல கட்டுக் கட்டா இருக்கு."

"இதுதான் வேணும். நாளைக்கு வருவானில்ல, மரம் நட்ட சீட்டோட?"

"வருவான். வாங்கிக்குவீங்களா?"

"வாங்காம? என் புள்ள கொடுக்கிறது. நாலா மடிச்சு, அவன் கண்ணு முன்னாலயே இந்தக் கவர்ல போட்டு, தலைமாட்டுல வச்சுக்கிறேன். மரமாச்சே, நனைஞ்சுடக் கூடாது."

சைரகுல் கவரைக் கழுவி, உட்புறம் வெளியே திருப்பி, ஜன்னல் கொக்கியில் மாட்டினாள்.